கப்பி மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன: தண்ணீரில் என்ன கோளாறு?

பொதிகைச்சாரல் (பாளையங்கோட்டை):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சுமார் 40 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்களை வளர்க்கிறோம். வாங்கி வந்த புதிதில் துடிப்பாக ஓடித் திரிந்தவை, சில நாட்களில் வாலைக் குவித்துக்கொண்டு மேல்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நின்று, பிறகு இறந்துவிடுகின்றன. ஞாயிறுதோறும் தொட்டியை முழுவதும் காலி செய்து, கூழாங்கற்களையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் குழாயடியில் கழுவி, மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரையே நிரப்புகிறோம். இதற்கு மருந்து ஏதேனும் உண்டா? போர் தண்ணீருக்கு மாறலாமா? பிறக்கும் குஞ்சுகளும் மறுநாள் காலையில் காணாமல் போகின்றன.

முக்கூடல் வாத்தியார்:

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் தொற்று நோயாகத் தோன்றவில்லை. ஆகவே மருந்து எதையும் இப்போது ஊற்ற வேண்டாம். மீன்கள் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதால் உண்டாகும் அம்மோனியாவும் அவற்றுக்கே நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் கற்களின் மேலும் படிந்து வாழ்கின்றன. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவும்போது அந்த நுண்ணுயிர்கள் பெருமளவு அழிந்துவிடுவதால், உங்கள் தொட்டி வாரந்தோறும் புதிய தொட்டியாகவே தொடங்குகிறது. போதாக்குறைக்கு அதே குளோரின் மீன்களின் செவுளையும் அரிக்கிறது.

இனி வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும், அடியில் தங்கும் கசடோடு சேர்த்துச் சிறு குழாயால் உறிஞ்சி எடுங்கள். அப்படி எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசினால் போதும். மாற்றி ஊற்றும் தண்ணீரிலிருந்து குளோரின் நீங்குவதற்கு, அதை வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்ப்பின் குழாயையும் அதில் விட்டு வையுங்கள். அவசரமென்றால் மீன் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட்டைப் பயன்படுத்தலாம். தீனியை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். தொட்டி நிலைப்படும்வரை புதிய மீன்களையும் வாங்காதீர்கள்.

வள்ளியூர்க்காரன்:

வாத்தியார் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் சற்றுச் சொல்ல வேண்டும். தாமிரபரணித் தண்ணீருக்கு ஈடில்லை என்று நாமெல்லோரும் பெருமை பேசுகிறோம், குடிக்கவும் சமைக்கவும் அது உண்மைதான். ஆனால் மலையிலிருந்து இறங்கி வரும் அந்தத் தண்ணீரில் சுண்ணச்சத்து குறைவு. கப்பியோ கால்சியமும் மக்னீசியமும் ஓரளவு கலந்த, பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7-க்கும் 8-க்கும் இடைப்பட்ட தண்ணீரில்தான் நன்றாகத் தழைக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்து போர் தண்ணீரில், குடிக்க முகம் சுளிப்பவர்கள் வீட்டிலும்கூட, கப்பிகள் குறையின்றிப் பெருகுகின்றன.

அதற்காக ஒரே நாளில் போர் தண்ணீருக்கு மாறிவிட வேண்டாம், அண்ணாச்சி. திடீர் மாற்றமே மீனைக் கொல்லும். மேலும் பிஎச் உயர உயர அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும் என்பதால், நுண்ணுயிர்கள் நிலைபெறாத தொட்டியில் அது இரட்டை ஆபத்து. வாரந்தோறும் மாற்றும் கால் பங்கில் சிறிது சிறிதாகப் போர் தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை ஒரு சிறு வலைப்பையில் கட்டித் தொட்டியில் போடுங்கள். அது மெல்லக் கரைந்து சுண்ணச்சத்தைத் தரும். கல்லுப்பு போட்டாலும் இதே பலன் கிடைக்கும் என்று சிலர் சொல்வது சரியன்று. உப்பினால் தண்ணீரின் கடினத்தன்மை கூடுவதில்லை. புதிய மீன் வாங்கும்போது கடையில் எந்தத் தண்ணீரில் வைத்திருந்தார்கள் என்று கேட்டு, பைத் தண்ணீரோடு உங்கள் தொட்டித் தண்ணீரை அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த பிறகே, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.

பொதிகைச்சாரல்:

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கினி நட்சத்திரம் நெருங்குகிறது. தொட்டித் தண்ணீர் சூடேறினால் ஐஸ் போடலாமா? குஞ்சுகளைப் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கால்நாரை:

ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். கப்பிக்கு 22 முதல் 28 பாகை வரை உகந்தது. சில பாகை கூடினாலும் தாங்கும், ஆனால் சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு என்பதே சிக்கல். தொட்டியை வெயில் படாத சுவரோரம் மாற்றி, மூடியைச் சற்றுத் திறந்து, ஏர் பம்ப்பை இரவிலும் ஓட விடுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் பகுதியென்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

குஞ்சுகளைத் தின்பது பெரிய மீன்கள்தாம். பெற்ற தாயும் விதிவிலக்கன்று. ஜாவா பாசியோ மிதக்கும் செடிகளோ அடர்ந்திருந்தால் ஒரு பகுதி தப்பிப் பிழைக்கும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கசக்கி மிகச் சிறிதளவு கொடுக்கலாம்; அதிகமானால் தண்ணீர் கெடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் இருந்தால், ஆண் விடாமல் துரத்துவதால் பெண் நலிவது குறையும். பெண் மீன் உடலில் விந்தணுவைத் தேக்கி வைப்பதால், ஆணைப் பிரித்த பிறகும் பல மாதங்களுக்குக் குட்டி போடும். ஆகவே விரைவில் உங்களுக்கு இடப் பற்றாக்குறைதான் வரும். அப்போது பாளையங்கால்வாயிலோ ஆற்றிலோ கொண்டு விட்டுவிடாதீர்கள். கப்பி தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த மீன். தாமிரபரணிக்கே உரிய மீனினங்கள் அங்கே இருக்கின்றன. மிகுதியானவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள்.