நிரல் எழுதக் கருவி வந்தபின் ஆழம் பெரிதா, அகலம் பெரிதா?

பாயான் லெப்பாஸ் நிரலர்:
கணினியியல் படிப்பை முடிக்கப்போகும் என் தம்பி எதைக் கற்பது என்று கேட்டபோது, ஒரே துறையில் ஆழமாக இறங்கச் சொன்னேன். நான் மின்னணுச் சாதனங்களுக்குள்ளேயே பதிந்து ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் எழுதுபவன். அண்மையில் எங்கள் குழுவில் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த சி நிரலை அப்படியே சேர்த்தார். சோதனையில் ஒழுங்காக ஓடிய அது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில், நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் சென்சாரின் பழைய அளவையே காட்டிக்கொண்டிருந்தது. இன்டரப்ட், அதாவது வன்பொருள் இடையிட்டு அனுப்பும் குறிப்பு, மாற்றும் மாறிக்கு முன் 'வொலட்டைல்' என்னும் ஒரு சொல் விடுபட்டிருந்ததால், அம்மாறி மாறாதென்று கொண்ட கம்பைலர், நினைவகத்தை மறுபடி படிக்கவேயில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவருக்கு இது கண்ணில் படாது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
ஐயா, ஃபர்ம்வேருக்கு அது சரி. எல்லாருக்கும் அதையே சொல்லாதீர்கள். இணையப் பக்கங்களில் அசைபடமும் விளையாட்டும் செய்ய உதவிய ஃபிளாஷை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு 2020 இறுதியோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. நான் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறேன். மலேசியாவில் 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி என்னும் பொருள், சேவை வரி வந்தது. 2018 ஜூனில் அது பூச்சிய விகிதமாகி, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியது. 2024 ஆகஸ்டில் வரித்துறைக்கு மின்வழி அனுப்பும் விலைப்பட்டியலான இ-இன்வாய்ஸ் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. நிரலைக் கருவியே எழுதித்தரும். ஆனால் 72 மணி நேரம் கடந்தபின் இ-இன்வாய்ஸை ரத்துசெய்ய இயலாது என்பதால், பத்து நாள் கழித்துத் துணிக்கட்டைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளருக்கு மொத்த வியாபாரி, அந்தத் தொகையைக் கழித்துக்காட்டும் கிரெடிட் நோட் போடவேண்டும் என்பதை, அவருடைய கல்லாவுக்கு அருகில் நின்று பார்த்தவனே முன்கூட்டி யோசிப்பான்.

பாயான் லெப்பாஸ் நிரலர்:
ஃபிளாஷ் வெறும் கருவி. நான் சொல்லும் ஆழம் அதுவன்று. இங்கே பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கிய 1972-ஐ ஒட்டி உருவான சி மொழியில்தான் இன்றும் எழுதுகிறோம். தவிரவும், பத்தாண்டாக வரிக்கணக்கிலேயே ஊறிய நீங்களும் ஒரு துறை வல்லுநர்தான்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
அதை ஏற்கமாட்டேன். காலையில் தரவுத்தளத்தைத் திருத்தி, மதியம் திரைகளை வடிவமைத்து, மாலையில் கடைக்காரரின் கணக்காளரோடு உட்காருகிறேன்; இவற்றில் எதை விட்டாலும் அந்தக் கிரெடிட் நோட் சரியாகப் போய்ச் சேராது. உங்கள் தம்பி ஒரு மாதமாவது எங்கள் கடைகளில் வந்து நிற்கட்டும், பிறகு முடிவெடுக்கட்டும்.