எட்டயபுரம் ரோடு வீடு (குடும்பக் குழு)

*சனி, காலை*

கார்த்தி: ஆச்சி எண்பதுக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. வந்தவர்கள் கிளம்பும்போது கையில் கொடுக்கிற பைதான் பாக்கி. எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம் என்று போன வாரம் முடிவாயிற்று. தாத்தா கடை மிட்டாய் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஒரு பை கொடுத்தால் என்ன?

ரேவதி அக்கா: சூப்பர்டா

ரேவதி அக்கா: தேன்மிட்டாய் கண்டிப்பாக

பாலா (சிங்கப்பூர்): கமர்கட்

பாலா (சிங்கப்பூர்): ஜவ்வு மிட்டாய்க்காரரைக் கூப்பிட முடியுமா? கம்பு உச்சியில் பொம்மை கை தட்டுமே. கையில் வாட்ச் கட்டிவிடுவாரே

செல்வி அத்தை: கிண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை

ரேவதி அக்கா: பல்லி மிட்டாய், சூட மிட்டாய், இலந்தை வடை

அப்பா: சரி

கார்த்தி: ஆன்லைனில் பெட்டியாகவே விற்கிறார்கள். '90ஸ் கிட்ஸ் மிட்டாய் பெட்டி'. ஒன்று 399 ரூபாய்.

செல்வி அத்தை: 399ஆ??

செல்வி அத்தை: நூற்றைம்பது பேருக்குக் கணக்குப் போட்டாயா நீ

முருகேசன் சித்தப்பா: கார்த்தி, யோசனை நல்லது. ஆனால் சிலவற்றைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். முதலில், உன் தாத்தா கடையில் இருந்தது '90ஸ் கிட்ஸ்' சரக்கு இல்லை. நாங்கள் டவுசர் போட்டிருந்த காலத்திலிருந்தே அந்த பாட்டில்கள் இருந்தன. அதில் கம்பெனிச் சரக்கு தனி, உள்ளூர்ச் சரக்கு தனி. கம்பெனி என்றால் பாரீஸ். 1914-இல் நெல்லிக்குப்பத்தில் தொடங்கியது. சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருந்ததால் மிட்டாயும் அங்கேயே. காஃபி பைட் அவர்களுடையதுதான். 2004-இல் கொரியாக்கார லோட்டே வாங்கிவிட்டது. உள்ளூர் என்றால் கமர்கட், தேன்மிட்டாய், பொரி உருண்டை, கடலைமிட்டாய். இவை தகர டின்னில் சைக்கிளில் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். கெட்டி மிட்டாய் என்பது சீனிப் பாகை ஏறக்குறைய 150 டிகிரி வரை காய்ச்சுவது. தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடும். ஆறினால் கண்ணாடி மாதிரி இறுகும். அப்படி இறுகியது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் விழா ஐப்பசியில். அடைமழை. காகிதப் பையில் போட்டால் வீட்டுக்குப் போவதற்குள் மிட்டாயும் பையும் ஒன்றாகிவிடும். உன் தாத்தா மழைக்காலத்தில் சரக்கைப் பாதியாகக் குறைத்துத்தான் எடுப்பார். பாட்டில் மூடியைத் திறந்து போட்டால் முதுகில் ஒன்று விழும். யோசிக்கவும்.

பாலா (சிங்கப்பூர்): மாமா, பாதியில் 'மேலும் படிக்க' என்று வந்துவிட்டது

அப்பா: 😄

ரேவதி அக்கா: சித்தப்பா, தேன்மிட்டாய்க்கும் அப்படித்தானா? உள்ளே தேன்தானே

முருகேசன் சித்தப்பா: தேன் எங்கே இருக்கிறது அதில்? அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு. சாயம் கலந்து எண்ணெயில் பொரித்துச் சீனிப்பாகில் ஊறப் போடுவார்கள். மேலே சீனி புரட்டுவார்கள். ஈரக்காற்று பட்டால் அந்தச் சீனி கரைந்து ஒழுகும்.

ரேவதி அக்கா: நாற்பது வயதில் இதைச் சொல்கிறீர்களே

செல்வி அத்தை: *பலமுறை அனுப்பப்பட்டது* அவசரம்!! பெற்றோர்களே கவனம்!! ரோஸ் நிற மிட்டாய்களைக் குழந்தைகளுக்கு வாங்கித் தராதீர்கள்!! அனைவருக்கும் பகிரவும்!!

கார்த்தி: அத்தை, அது பஞ்சு மிட்டாய். 2024 பிப்ரவரியில் தடை போட்டார்களே, துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருந்தது என்று. நாம் பஞ்சு மிட்டாய் வாங்கப் போவதில்லை.

செல்வி அத்தை: தேன்மிட்டாயும் ரோஸ்தான்

பாலா (சிங்கப்பூர்): அம்மா, நீங்கள் எனக்கு ஊட்டி வளர்த்ததே அதைத்தான்

செல்வி அத்தை: அதனால்தான் இப்படி இருக்கிறாய்

கார்த்தி: சரி, பை வேண்டாம். மண்டப வாசலில் ஒரு மேசை போடுவோம். தாத்தா கடை கண்ணாடி பாட்டில்களிலேயே மிட்டாய் வைப்போம். மூடி இருப்பதால் ஈரமும் ஏறாது, வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளட்டும். அந்த பாட்டில்கள் எங்கே இருக்கின்றன?

கார்த்தி: ?

கார்த்தி: யாருக்காவது தெரியுமா?

செல்வி அத்தை: கேட்க வேண்டியவர்களிடம் கேள்

ஜெயா பெரியம்மா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ஜெயா பெரியம்மா: இனிய காலை வணக்கம் 🌹🌹

பாலா (சிங்கப்பூர்): அத்தை, மணி பன்னிரண்டு

அம்மா: மாலை ஐந்து மணி வரை கரண்ட் இல்லையாம். போனில் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்

ரேவதி அக்கா: எந்த ஏரியா அம்மா

அம்மா: நம் தெரு மட்டும்தான்

ஜெயா பெரியம்மா: பாட்டில் மொத்தம் எட்டு. மூன்று உடைந்துவிட்டது. இரண்டில் நாரத்தங்காய் போட்டிருக்கிறேன். மீதி மூன்று பரணில் இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் பன்னிரண்டு வருஷம் சம்பளமில்லாமல் அந்தக் கடையில் உட்கார்ந்ததற்கு எங்களுக்கு வந்தது அந்த பாட்டில்தான்.

அப்பா: மதினி விடுங்கள்

செல்வி அத்தை: நான் பாட்டில் கேட்கவே இல்லை மதினி. கல்லாப்பெட்டி கேட்டேன். அதுவும் அப்பா ஞாபகத்துக்கு.

ஜெயா பெரியம்மா: கல்லாப்பெட்டி என்னிடம் இல்லை

செல்வி அத்தை: தெரியும்

கார்த்தி: நான் மிட்டாய் பற்றித்தான் கேட்டேன்

முருகேசன் சித்தப்பா: கல்லாப்பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அதன் அடித்தட்டில் ஐந்து பைசா, பத்து பைசா நிறையக் கிடந்தது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஐந்து பைசா அலுமினியம். ஓரம் நான்கு மூலையும் மழுங்கிய சதுரம். பத்து பைசாவுக்கு ஓரம் நெளிநெளியாக இருக்கும். பார்வை இல்லாதவர்கூடத் தடவிப் பார்த்தே சரியாகக் கொடுப்பார்.

பாலா (சிங்கப்பூர்): ஆக, கல்லாப்பெட்டி மாமாவிடம் இருக்கிறது

ரேவதி அக்கா: 😂😂😂

செல்வி அத்தை: அண்ணே???

முருகேசன் சித்தப்பா: பத்திரமாக இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

செல்வி அத்தை: பதினாறு அன்றே கேட்டேன். பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டேன்

அம்மா: ஆச்சியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்

கார்த்தி: எல்லாவற்றையுமா அம்மா?

அம்மா: ஆமாம். முருகேசனை நாக்கை நீட்டச் சொல் என்கிறார்கள்

அப்பா: 😄😄

பாலா (சிங்கப்பூர்): இது என்ன கதை?

செல்வி அத்தை: இது தெரியாதா உனக்கு? உன் மாமா கடையில் உட்கார்ந்தால் பல்லி மிட்டாய் பாட்டில் மட்டும் கால்வாசி குறையும். இவரைக் கேட்டால், எலி என்பார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நாக்கை நீட்டு என்பார். பச்சையும் ரோஸும் மஞ்சளுமாக இருக்கும். அப்புறம் வீட்டில் எது காணாமல் போனாலும், முதலில் முருகேசன் நாக்கை நீட்டட்டும் என்பார் அப்பா. விளக்குமாறு காணவில்லை என்றால்கூட.

ஜெயா பெரியம்மா: எங்கள் கல்யாணத்தில் மாலை காணாமல் போனதற்கும் அதையேதான் சொன்னார் மாமா 😂

ரேவதி அக்கா: ஹெட்மாஸ்டர் சார்!!

முருகேசன் சித்தப்பா: எலியும் இருந்தது.

கார்த்தி: ஆச்சி மிட்டாய் பற்றி என்ன சொன்னார்கள் அம்மா?

அம்மா: ஐம்பது வருஷம் அந்த பாட்டில்களில் ஈ விரட்டினேன், எனக்கு அந்த வாசனையே வேண்டாம் என்கிறார்கள். சாத்தூர் காராச்சேவு கொடுங்கள் என்கிறார்கள்

பாலா (சிங்கப்பூர்): ஆச்சி 🔥

ரேவதி அக்கா: விழா நமக்கா, ஆச்சிக்கா?

அப்பா: சேவு நல்லது

செல்வி அத்தை: வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுகர். சேவுதான் சரி

கார்த்தி: சேவும் வைப்போம். ஆனால் மிட்டாய் இல்லாமல் தாத்தா கடை எப்படி?

முருகேசன் சித்தப்பா: கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலைமிட்டாய் வேண்டாமா? 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கரிசல் மண் கடலை. மேலே கலர் போட்ட தேங்காய்த் துருவல் தூவுவார்கள். ஆரம்பத்தில் கருப்பட்டிப் பாகில் செய்தார்கள், பிற்பாடுதான் வெல்லத்துக்கு மாறினார்கள். பாக்கெட்டில் அடைத்து, வாயை ஒட்டி வருவதால் மழைக்கும் பயமில்லை. ஒன்று சேவு, ஒன்று கடலைமிட்டாய். எனக்குத் தெரிந்த கடையில் விலை கேட்டுச் சொல்கிறேன்.

பாலா (சிங்கப்பூர்): கடலைமிட்டாய் எங்கும் கிடைக்கிறது மாமா. இங்கே தேக்கா பக்கம்கூட வாங்குகிறேன். கமர்கட் போடுங்கள்

அம்மா: கமர்கட் வேண்டாம். போன பொங்கலுக்கு உங்கள் பெரியப்பா பையன் அதைக் கடித்து, பல்லில் வைத்த தொப்பி கழன்று வந்தது

ஜெயா பெரியம்மா: அது கமர்கட் குற்றமில்லை. நெடுநேரம் சப்ப வேண்டியதைக் கடித்தால் வேறென்ன ஆகும்

ரேவதி அக்கா: தேங்காயும் வெல்லமும் பாகு முற்றினால் கல்தான். அந்தக் கல்லுக்காகத்தான் சாப்பிடுவது

*சனி, இரவு*

கார்த்தி: இதுவரை: சேவு உறுதி. கடலைமிட்டாய் பெரும்பாலும். கமர்கட் சந்தேகம். மேசை போடுகிறோமா, பையா? பெரியம்மா, பரணில் இருக்கும் மூன்று பாட்டில் தருவீர்களா?

ஜெயா பெரியம்மா: நாரத்தங்காய் முடிந்தால் ஐந்தாகத் தருகிறேன்

செல்வி அத்தை: மதினி, எனக்கும் கொஞ்சம் நாரத்தங்காய் எடுத்து வையுங்கள்

ஜெயா பெரியம்மா: வாங்க

பாலா (சிங்கப்பூர்): மதுரையில் இறங்கி யார் வண்டியில் வருவது? என்னை யாரும் கேட்கவில்லை

செல்வி அத்தை: அண்ணே, கல்லாப்பெட்டியையும் அந்த மேசையில் வைக்க வேண்டும். விழா முடிந்து நான் எடுத்துக்கொண்டு போகிறேன்

முருகேசன் சித்தப்பா: மேசையில் வைக்கலாம்.

செல்வி அத்தை: இரண்டாவது வாக்கியத்துக்குப் பதில்?

ரேவதி அக்கா: சித்தப்பா டைப் செய்துகொண்டே இருக்கிறார். பத்து நிமிஷமாக

அப்பா: மண்டபத்துக்கு முன்பணம் யார் கட்டியது?

கார்த்தி: நீங்கள் இல்லையா அப்பா?

அப்பா: நான் இல்லை