வானத்திலிருந்து வரும் சிக்னலுக்கு மாதாமாதம் எதற்குக் காசு?

ராந்தல்:
போன ஞாயிறு ராத்திரி மழை பிடித்ததும், மாடியில் டிஷ் வைத்துப் பார்க்கும் எங்கள் டிவி நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் "சிக்னல் இல்லை" என்ற எழுத்துதான். சேவை எண்ணுக்குக் கூப்பிட்டால் மழை நின்றதும் வந்துவிடும் என்கிறார்கள். அது போகட்டும், என் கேள்வி வேறு. நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த அலை என் மொட்டை மாடியில் விழத்தான் போகிறது, எனக்காக அவர்களுக்குத் தனிச் செலவு கிடையாது. விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள், பிறகு என்னிடம் வேறு வாங்குகிறார்கள். ஒரே மாட்டை இரண்டு தடவை கறப்பது நியாயமா?

டிஷ்_செட்டிங்:
சார், பதினோரு வருஷமாக டிஷ் மாட்டுகிறேன். மழையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிடிஎச், அதாவது செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டு டிஷ்ஷுக்கு வரும் டிவி, வருவது கேயூ பேண்ட் என்ற அலைவரிசையில், அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், கனமழை அதைத் தின்றுவிடும். ஆனால் ஒன்றரை மணி நேரம் போனால் மழை மட்டும் காரணமாக இருக்காது. டிஷ் ஒரு டிகிரி விலகியிருந்தாலும் வெயில் நாளில் படம் சுத்தமாக வரும், மழையில்தான் குட்டு வெளிப்படும். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியில் ஒயர் சேரும் இடத்தையும் கழற்றிப் பாருங்கள், தண்ணீர் இறங்கி உள்ளே செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். நான் போகிற வீடுகளில் பாதிக்கு இதுதான்.

செலவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை வாடகைக்கு எடுக்க வேண்டும், ஆயிரம் பேர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் அந்த வாடகை மாறாது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைத்தபோது அதில் ஓடிய சன் டைரக்ட் டிடிஎச் கம்பெனி பட்ட பாடு நினைவிருக்கிறதா? அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் விலை.

கேபிள்_வீட்டுப்_பையன்:
அண்ணே, கேபிளும் செயற்கைக்கோள்தான், அதை யாரும் சொல்வதில்லை. சேனல்காரர் சி பேண்டில் மேலே அனுப்புவார், கேபிள் கம்பெனி பெரிய டிஷ் வைத்துப் பிடித்து ஃபைபரில் எங்களுக்குத் தரும். சி பேண்ட் அலை நீளமானது, மழைக்கு அவ்வளவாக அசராது. டிடிஎச்காரர் அதே சிக்னலைப் பிடித்து, மறுபடி சுருக்கி, இன்னொரு தடவை 36,000 கிலோமீட்டர் மேலே ஏற்றி இறக்குகிறார். அதனால்தான் கிரிக்கெட்டில் எங்கள் தெருவில் விக்கெட் விழுந்து கத்தி முடித்தபிறகு எதிர்வீட்டு டிடிஎச்சில் பவுலர் ஓடிவருவார்.

ராந்தல்:
தகவலுக்கு நன்றி, ஒயரைக் கழற்றிப் பார்க்கிறேன். ஆனால் வாடகை நிலையானது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் பார்ப்பவர் கூடக் கூட ஆளுக்கு ஆகும் செலவு குறைய வேண்டும் அல்லவா? 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் புது கட்டண முறை கொண்டுவந்தபோது 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 பைசா, அதற்கு மேல் கட்டணச் சேனலுக்குத் தனி விலை. எனக்கு மாதச் செலவு மேலே போய்விட்டதே தவிர இறங்கவில்லை. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 2004-லிருந்து மாதக் கட்டணமே இல்லாமல் ஓடுகிறது. அங்கே இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில், அதை நடத்தும் அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதிக்குப் பணம் கட்டுகின்றன. விளம்பரம் ஒன்றிலேயே பிழைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

டிஷ்_செட்டிங்:
இந்திக்குச் சரி. 2019-ல் பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்திச் சேனல்களை அங்கிருந்து எடுத்தன, விளம்பர வருமானம் அடிவாங்கியதும் 2020-ல் திரும்பி வந்தன. நம் பெரிய தமிழ்ச் சேனல்கள் அங்கே போவதில்லை, அவர்களுக்குச் சந்தாவே பெரிய வருமானம். சேனலின் விலையில் குறைந்தது 20 சதவீதம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் டிஷ், கேபிள்காரருக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி சேனலுக்கு. உங்கள் கோபம் டிஷ் கம்பெனி மேல் மட்டும் இருக்கிறது, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் இன்னொன்று. செயற்கைக்கோளுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, அது ஒருவழிப் பாதை. ரீசார்ஜ் செய்ததும் உங்கள் பெட்டியிலுள்ள கார்டு எண்ணுக்கான திறப்புச் செய்தி நாடு முழுவதுக்கும் ஒளிபரப்பாகிறது, உங்கள் பெட்டி மட்டும் தன் எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். பெட்டியைக் கொஞ்ச நேரம் ஆனில் வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

ராந்தல்:
சரி, மிச்சம் சேனலுக்கென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் காசு கட்டிப் பார்க்கும் சேனலில் மணிக்கு 12 நிமிட விளம்பரம் எதற்கு? இலவசச் சேனலுக்கும் அதே 12 நிமிடம்தானே விதி? கட்டணச் சேனலுக்கு அதைப் பாதியாக்கட்டும், முணுமுணுக்காமல் கட்டுகிறேன்.

கேபிள்_வீட்டுப்_பையன்:
இதில் நான் ராந்தல் அண்ணன் பக்கம். வசூலுக்குப் போனால் வாசலில் எங்களிடம் கேட்பதும் இதைத்தான்.