வேர்ட்பிரஸ்: கட்டுரை வெளியாவதை எந்த ஹூக்கில் பிடிப்பது?

வணக்கம் நண்பர்களே. வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் வலைத்தளத்தில், கட்டுரை முதன்முறை வெளியாகும்போது மட்டும் சந்தாதாரர்களுக்கு மெயில் போகணும். கட்டுரையைச் சேமிக்கும்போதெல்லாம் ஓடும் ‘சேவ்_போஸ்ட்’ ஹூக்கில் (ஹூக் என்றால் ஒரு நிகழ்வின்போது நம் கோடை ஓட வைக்கும் இடம்), கட்டுரையின் நிலையைச் சொல்லும் ‘கெட்_போஸ்ட்_ஸ்டேட்டஸ்’ போட்டு, ‘பப்ளிஷ்’ வருதான்னு பார்த்தேன். நேற்று ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி அப்டேட் கொடுத்தேன். எல்லாருக்கும் மறுபடி மெயில்! மூன்று தடவை திருத்தினேன், மூன்று மெயில். மானம் போச்சு.

பிறகு கட்டுரையின் நிலை மாற்றத்தைச் சொல்லும் ‘ட்ரான்சிஷன்_போஸ்ட்_ஸ்டேட்டஸ்’ ஹூக்குக்கு மாறினேன். பழைய நிலை, புதிய நிலை இரண்டுமே கையில் கிடைப்பதால் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் பிளாக் எடிட்டரில் (வேர்ட்பிரஸில் கட்டுரை எழுதும் திரை) வெளியிட்டால், மெயிலில் போக வேண்டிய கஸ்டம் ஃபீல்டு (கட்டுரையோடு நாம் சேர்க்கும் கூடுதல் தகவல்) காலியாக வருது. அந்தத் தகவல் (மெட்டா) ஹூக் ஓடிய பிறகுதான் சேமிக்கப்படுகிறது போல.

வேர்ட்பிரஸ் 5.6 பதிப்பில் வந்த, மெட்டாவும் சேமித்த பிறகு ஓடும் ‘டபிள்யூபி_ஆஃப்டர்_இன்சர்ட்_போஸ்ட்’ ஹூக்கில் முந்தைய நிலையை ஒப்பிட்டால் போதுமா? ஷெட்யூல் போட்டு வைத்த கட்டுரைகளுக்கும் அது ஓடுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.