புதிய வேலைக்குப் பழைய சம்பளச் சீட்டு எதற்கு?

கேள்வி:
சென்னையில் நான்கு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தில் நான்கு சுற்று நேர்காணல் முடிந்ததும், மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டார்கள், அனுப்பினேன். ஆண்டுக்கு 12 லட்சம் வரை தரலாம் என்று தொடக்கத்தில் பேசிய ஹெச்.ஆர். அலுவலர், என் சம்பளம் 5.4 லட்சம் என்று கண்டதும், முப்பது சதவீதத்துக்கு மேல் உயர்த்த விதியில் இடமில்லை என்று 7 லட்சத்தில் நின்றுவிட்டார். சீட்டைக் காட்ட மறுக்க வழி உண்டா?

பதில் 1:
பத்து ஆண்டுகளாக ஆள் எடுக்கும் பணியில் இருப்பவன் என்பதால் உள்விவரம் சொல்கிறேன். ஒப்புதல் படிவத்தில் 'தற்போதைய சி.டி.சி.' (நிறுவனம் உங்களுக்காக ஓராண்டில் செலவிடும் மொத்தத் தொகை), 'உயர்வு சதவீதம்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவற்றை நிரப்பாவிட்டால் படிவம் மேலே நகராது, சதவீதம் கூடினால் மேலாளர் விளக்கம் கேட்பார். காட்ட மறுப்பது குற்றமல்ல. ஆனால் கேட்பதைத் தடுக்கும் சட்டமும் இந்தியாவில் இல்லை. சீட்டைத் திருத்தி மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கையும் வாங்கிப் பார்க்கிறார்கள். சம்பளம் எவ்வளவானாலும் மாதம் 1,800 ரூபாய் மட்டும் பிடிக்கும் நிறுவனம் என்றால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது, முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பிடித்திருந்தால் கணக்குப் போட ஒரு நிமிடம் போதும்.

பதில் 2:
கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் பழைய சம்பளத்தைக் கேட்கவே தடை உள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் இயற்றிய நெறியுரையில் இதைத் தடுத்து, 2026 ஜூன் 7க்குள் உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டும் என்றது. முதல் வேலையில் பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்தது அடுத்தடுத்த வேலைகளிலும் தொடர்கிறது என்பதே இவற்றின் பின்னுள்ள முக்கியமான வாதம். குழந்தை பிறந்தபின் மூன்று ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பிய எனக்கும், பழைய சீட்டின் மேல்தான் சதவீதம் போட்டார்கள். அரிசி விலை மட்டும் எனக்காக அங்கேயே நிற்கவில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒன்றை எழுத விட்டுவிட்டேன். வங்கி விவரத்தில் அம்மாவின் நகைக்கடனுக்கு வட்டி கட்டிய பதிவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் அவசரம் இருக்கும் போலிருக்கிறதே" என்றார் அந்த அலுவலர். அடுத்த முறை சம்பளம் வரவான பதிவுகளைத் தவிர மற்றவற்றைக் கறுப்படித்தே அனுப்புவேன்.

பதில் 1:
அப்படியே செய்யுங்கள். 12 லட்சம் என்று சொன்னதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே முதல் சுற்றுக்குப் போங்கள்.