முட்டுக்காட்டுச் சிப்பி: வைகாசி முடிவா, ஐப்பசி முடிவா?

கழிக்கரை: வணக்கம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு உப்பங்கழியில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கலாம் என்று எங்கள் குழு எண்ணுகிறது. வைகாசியில் நீர் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்தபோது கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) எண்ணிக்கை குறைவாக வந்தது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மூன்றாம் நாள், அதே இடத்தில் அதே ஆழத்தில் எடுத்துக் கொடுத்தேன். பல மடங்கு ஏறியிருந்தது. எந்த மாதத்து முடிவை உண்மை என்று கொள்வது?

உப்பங்காற்று: இரண்டும் உண்மைதான். கோடையில் வெயிலும் உப்பும் குடல் பாக்டீரியாக்களைப் பெரிதும் கொன்றுவிடுகின்றன. ஆனால் பக்கிங்காம் கால்வாயின் அடிச்சேற்றில் மாதக்கணக்கில் படிந்த கழிவை முதல் மழை கிளறி எடுத்து, கரையோரச் சாக்கடைகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரே வீச்சில் கழிக்குள் தள்ளிவிடுகிறது. பிறகு மணல்திட்டு உடைந்து முகத்துவாரம் திறந்தால், கடல்நீர் வந்து போகப் போக நிலைமை மெல்லத் தேறும். ஆகவே முதல் மழையே மோசமானது.

அமெரிக்காவில் சிப்பி வளர்க்கும் நீருக்கு விதித்த அளவு இதைக் கணக்கில் கொள்கிறது: 100 மில்லி லிட்டரில் மலக் கோலிஃபார்மின் பெருக்குச் சராசரி (ஜியோமெட்ரிக் மீன்) 14-ஐத் தாண்டக் கூடாது, ஐந்தைந்து சோதனைக் குழாய்களில் வளர்த்து மதிப்பிடும் முறையில் 43-ஐத் தாண்டும் மாதிரிகள் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கவும் கூடாது. பல மாதிரிகளைச் சேர்த்தே தீர்ப்பு; நல்ல நாள் பார்த்து எடுத்த ஒரு பாட்டிலுக்கு அங்கே மதிப்பில்லை. 1924-25 குளிர்காலத்தில் சிப்பி வழியாகப் பரவிய டைபாய்டில் சுமார் 150 பேர் இறந்த பிறகே அந்த நாட்டில் இந்தக் கண்காணிப்பு தொடங்கியது.

குழாய்க்காரர்: ஒன்றைச் சேர்க்க வேண்டும். மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி, அந்த நீரில் உள்ளதைத் தன் சதையில் செறித்துவைக்கிறது. ஐரோப்பாவில் சதையையே சோதிக்கிறார்கள். முதல் தரப் பகுதிக்கு 100 கிராமில் ஈ.கோலை (மலக் கோலிஃபார்மில் ஒரு வகை) 230 என்பது அடிப்படை வரம்பு. மேலும், உங்கள் வைகாசி முடிவு வைப்ரியோ என்ற நோய்ப் பாக்டீரியாவைப் பற்றி எதுவும் சொல்லாது. வைப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் சாக்கடையிலிருந்து வருவதன்று. கடலிலேயே இயல்பாக வாழ்ந்து, நீர் சூடேறும்போது பெருகுவது. கோலிஃபார்ம் குறைந்திருக்கும் அதே கோடையில் அது கூடியிருக்கலாம்.

கழிக்கரை: அறுவடை செய்ததைச் சுத்தமான நீர்த்தொட்டியில் போட்டுவைத்தால் தீராதா?

குழாய்க்காரர்: புற ஊதா ஒளியில் சுத்திகரித்த கடல்நீரில் ஏறக்குறைய இரண்டு நாள் வைத்தால் ஈ.கோலை பெரும்பாலும் வெளியேறிவிடும். வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸும் வைப்ரியோவும் அவ்வளவு எளிதில் போகா. ஓடு வாய் திறந்தவுடன் அடுப்பை அணைப்பதும் போதாது. சதையின் உட்பகுதி 90 டிகிரி செல்சியஸில் 90 நொடி வேக வேண்டும்.

உப்பங்காற்று: கேரளத்தில் படன்னைப் பக்கம் கல்லுமேக்காய் என்ற சிப்பி வகையை வளர்ப்பவர்கள், மழைநீர் வந்து உப்பு குறைந்தால் அது செத்துவிடும் என்பதால், தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே கயிற்றைத் தூக்கிவிடுகிறார்கள். உங்களுக்குப் புரட்டாசிதான் கெடு. இன்னொன்று: மாதிரியை ஓதம் ஏறும்போது எடுத்தீர்களா, வற்றும்போதா?

கழிக்கரை: வைகாசியில் முகத்துவாரம் அடைத்தே கிடந்தது. ஐப்பசியில் ஏறும்போது எடுத்தேன்.

உப்பங்காற்று: அப்படியானால் ஐப்பசி எண்ணிக்கையே கடல்நீர் கலந்து குறைந்த எண்ணிக்கையாக இருக்கலாம். வற்றும்போது கால்வாய்ப் பக்கத்து நீர் உங்கள் இடத்தைக் கடந்து போகும். அப்போது எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.