கிராமத்துப் பாட்டைக் கூட்டாகப் பாடும்போது சுருதி இறங்குது, வேகம் ஏறுது: என்ன செய்யலாம்?

களத்துமேடு:
வணக்கம். குழுவில் 15 பெண்கள், 9 ஆண்கள். முறையாகச் சங்கீதம் படித்தவர் யாருமில்லை. நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு (ஏற்றம் இறைக்கும்போது பாடுவது), கும்மி மூன்றையும் சேர்த்து 20 நிமிட நிகழ்ச்சி. பெண்களுக்குச் சுருதி 5 கட்டைதான் (எண் கூடினால் சுருதி உயரும்) என்று வைத்தால், ஆண்கள் மேலே போய்க் கத்துகிறார்கள், இல்லாவிட்டால் அடியில் முனகுகிறார்கள். நாலாவது கண்ணி (பாட்டின் ஒரு பகுதி) வருவதற்குள் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடுகிறது. கும்மியிலோ வேகம் ஓடிவிடுகிறது. கீபோர்டில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) சேர்த்தால் சரியாகுமா?

சுருதிப்பெட்டி:
5 கட்டை கச்சேரி பாடும் பெண்களுக்கான கணக்கு. அவர்கள் மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் ப) தார பஞ்சமம் (மேல் ப) வரை, முழுசாக இரண்டு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி) பாட வேண்டும். நடவுப் பாட்டும் கும்மியும் பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் முதலில் பாட்டின் அடிச்சுரமும் உச்சிச்சுரமும் எவை என்று பாருங்கள். ஸ முதல் த வரை மட்டும் போகிற பாட்டு என்றால் 1 அல்லது 1½ கட்டை. ஸ-வுக்குக் கீழே ப வரை இறங்கினால் 3 அல்லது 4. பெண்கள் பாடுவதை ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே அப்படியே பாடட்டும். மூன்று பாட்டுக்கும் ஒரே கட்டை வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்.

சுருதி இறங்குவதற்குக் காரணம் அடியின் வால். அங்கே மெட்டும் இறங்கும், மூச்சும் தீரும். அடுத்த அடியை எல்லோரும் அந்தத் தொய்ந்த இடத்திலிருந்தே எடுப்பார்கள். பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே இடத்தில் மூச்செடுக்காமல் மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். சுருதிப் பெட்டியின் ஒலி குழுவுக்குப் பின்னால், காது உயரத்தில் இருக்கட்டும். முன்னால் வைத்தால் அவரவர் குரலிலேயே அது அமுங்கிவிடும்.

கார்டு வேண்டாம் என்பேன். இந்த மெட்டுகளில் பல ஐந்து சுர மெட்டுகள். ம, நி இல்லாத பாட்டுக்கு வழக்கமான மூன்று கார்டு போட்டால் அந்த இரண்டும் உள்ளே நுழைந்து பாட்டின் நிறமே மாறிவிடும். கனம் வேண்டுமென்றால் நான்கு பேர் ஸ-வையும் ப-வையும் வாய் மூடி இழுக்கட்டும், போதும்.

பின்பாட்டு:
வேகம் ஓடுறதுக்குப் பெரிய காரணம், அடி முடிஞ்சு வர்ற வெற்றுத் தட்டை (பாட்டில்லாத தாளத் தட்டு) வாங்கிப் பாடுறவங்க (முதல்ல பாடினதைத் திருப்பிப் பாடுறவங்க) முழுங்கிடுறாங்க. முன்பாட்டுக்காரர் (முதல்ல அடி எடுத்துப் பாடுறவர்) முடிக்கிறதுக்குள்ள நுழைஞ்சிடுவாங்க. நாலு நாள் சொல்லை விட்டுட்டு 'தன்னானே' மட்டும் வச்சு, நடந்துகிட்டே கைதட்டிப் பாடிப் பாருங்க. வெற்றுத் தட்டுல கை விழணும், வாய் திறக்கக் கூடாது.

இன்னொண்ணு: தகிட, தகிடன்னு மூணு மூணா போற பாட்டை சினிமாப் பாட்டுப் பழக்கத்துல நாலுக்கு இழுத்துடுவாங்க. மூணா, நாலா, எந்த நடைன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

நடவுப் பாட்டை நிமிர்ந்து நின்னு மட்டும் பழகாதீங்க. குனிஞ்சு, நாத்தை ஊன்றி, ஒரு அடி பின்வாங்குற அசைவோட பழகினா வேகம் தானா நிற்கும். ஏற்றப் பாட்டுல சால் (தண்ணி மொள்ளுற பாத்திரம்) இறங்குறது, ஏறுறது, கவிழ்றது ஒவ்வொண்ணும் ஒரு அளவு; எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளயே போகும். 'ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை'ன்னு பழமொழியே இருக்கு, அதை 24 பேரும் சேர்ந்து கத்தினா அழகு போயிடும். முதல் அடி ஒருத்தர், வாங்குறது அஞ்சாறு பேர், அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி:
வயதான அம்மாக்களிடம் பாட்டு வாங்குகிறீர்கள் என்றால் உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். கை சும்மா இருந்தால் நடை மாறும், கண்ணி விட்டுப்போகும். வேலை செய்வது போலச் செய்துகொண்டே பாடச் சொல்லி, இரண்டு மூன்று முறை தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கண்ணிகள் மாறும். அது பிழை இல்லை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், போனை ஒரு முழ தூரத்தில் வையுங்கள்.

'வாரான்', 'போறா' என்று பாடியதை 'வருகிறான்', 'போகிறாள்' என்று திருத்தவே கூடாது. எழுத்துக் கூடித் தாளம் இடறும். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் கண்ணிகளை விட்டுவிடுங்கள். பாடிக் கொடுத்தவர் சம்மதித்தால் மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். இந்தப் பாட்டுகள் வயலில் கூலிக்குக் குனிந்த பெண்களுடையவை, 'நாட்டுப்புறப் பாடல்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

களத்துமேடு:
ரொம்ப நன்றி. கும்மியை 1½ கட்டைக்கு மாற்றிப் பார்க்கிறோம். ஒரு பறை சேர்க்கலாமா? குரல் அமுங்கிவிடுமோ என்று பயம்.

பின்பாட்டு:
சேருங்க, கும்மிக்கு மட்டும். குழுவுக்குப் பின்னால நிக்க வைக்காதீங்க, பாடுறவங்க மைக்கே அதை இழுத்துடும். பக்கவாட்டுல, மைக்குக்கு முதுகுப்பக்கம் வர்ற மாதிரி நிக்கட்டும். தோல் பறைன்னா மேடை ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தீயில காய்ச்சணும், ஈரக்காத்துல தொய்ஞ்சு சத்தம் மொத்தும். முன்பாட்டு வர்ற இடத்துல குச்சி ஓரத்துல மட்டும், வாங்கிப் பாடுற இடத்துல முழு அடி.